முனகும் டிரையர்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மூன்று நாளாய் நவம்பர் மழை. மறுநாள் காலை பத்து மணிக்கு ஹெட் ஆபீஸ் பெரிய தலைகள் முன்னால் அடியேன் முதல் தடவையாக வாயைத் திறக்க வேண்டும். அதற்கென்றே வைத்திருந்த ஒரே வெள்ளைச் சட்டை, எங்கள் செமி ஆட்டோமேடிக் வாஷிங் மெஷினின் டிரையருக்குள் சொட்டச் சொட்டக் கிடக்கிறது. டைமரைத் திருகினால் 'ம்ம்ம்...' என்று ஒரு முனகல். அவ்வளவுதான். சுற்ற மாட்டேன் என்கிறது.

டிரையர் என்று பேர்தானே தவிர, அது துணியைக் காய வைப்பதில்லை சார். வெளிநாட்டு டிரையர் மாதிரி சூடான காற்றெல்லாம் கிடையாது. நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றி, ஓட்டை வழியாகத் தண்ணீரை விசிறியடிக்கும். பிழிந்து தருகிற கை, அவ்வளவே. நங்கநல்லூர் மாடியில் அந்தக் கைதான் மடங்கிவிட்டது.

மெக்கானிக் வந்தார். பின்மூடியைக்கூடக் கழற்றவில்லை. காதை வைத்துக் கேட்டார். "மோட்டார் போச்சு சார். 2,800 ஆகும்."

மாதக் கடைசி! என் பர்ஸில் இருந்ததோ 340 ரூபாயும் ஒரு பிள்ளையார் படமும். ரூம் மேட்டிடம் கேட்கலாம். ஆனால் அவனோடு பன்னிரண்டு நாளாகப் பேச்சு கிடையாது. அக்கா தன் கையால் ஓரத்தில் என் இனிஷியல் தைத்துக் கொடுத்த கைக்குட்டையை அவன்தான் சுட்டுவிட்டான் என்று நான் சொல்ல, இல்லவே இல்லை என்று அவன் சொல்ல... சரி, விடுங்கள்.

கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் மாமா ஸ்க்ரூ டிரைவரோடு ஏறி வந்தார். ஒரு காலத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர்.

"சத்தமே வரலேன்னா பிளக், டைமர், மூடியில இருக்கிற ஸ்விட்ச், இதைப் பார்க்கணும். தடதடன்னு ஆடினா துணியை ஒரே பக்கமா அடைச்சிருக்கேள்னு அர்த்தம். முனகினா, மோட்டாருக்குக் கரண்ட் போறதுப்பா. ஒண்ணு, கெபாசிட்டர் போயிருக்கும். இல்லே, எதுவோ பிடிச்சு நிறுத்தறது."

முதல் காரியமாகப் பிளக்கைப் பிடுங்கினார். பின்மூடியைக் கழற்றினார். மேல் மூடியைத் திறந்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும். மூடினால் ஒரு ஒயர் இழுத்து விடுவிக்கும். அந்த ஒயர் தளர்ந்தாலும் இதே முனகல்தானாம். ஒயர் நன்றாகவே இருந்தது. பிரேக்கை விலக்கிப் பிடித்துக்கொண்டு கையால் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை.

"கெபாசிட்டர் போனா கையால சுத்தினா லேசா சுத்துமே. உள்ளே என்னமோ மாட்டிண்டிருக்கு."

சட்டையை எடுத்து வெளியே போட்டு, போல்ட்டைத் தளர்த்தி, டிரம்மை மேலே தூக்கினார். அடியில், பம்பரத்தில் கயிறு சுற்றின மாதிரி, தண்டைச் சுற்றி இறுகிக் கிடந்தது ஒரு துணி. நெம்பி எடுத்து உதறினார்.

ஓரத்தில் என் இனிஷியல்.

"விளிம்பு தாண்டி உள்ளே விழுந்திருக்கு. கொஞ்சம் கொஞ்சமாச் சுத்திண்டு இன்னிக்கு இறுக்கிடுத்து. துணிக்கு மேல அழுத்தி வைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு கொடுத்திருப்பானே, எங்கே?"

எனக்குத் தெரியும். சாம்பார்ச் சட்டிக்கு மூடியாக இருக்கிறது. வைத்தவன் நான்தான்.

மாமா டிரம்மைத் திரும்பப் பூட்டினார். ரூம் மேட் எதுவும் பேசாமல் சமையலறைக்குப் போனான். தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்து, என் சட்டை மேல் வைத்து அழுத்தி, டைமரைத் திருகினான். சும்மா 'விர்ர்ர்' என்று சுற்றியது.

"இனிமே சாம்பாரை எதால மூடறது?" என்றான், என்னைப் பார்த்து.