அலமாரிச் சாவி

மாநாடு என்றால் நமக்குத் தெரிந்தது தொழிற்சங்க மாநாடு, தமிழ் மாநாடு, மிஞ்சிப் போனால் கோயில் திருப்பணிக் கூட்டம். நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கென்று உலக மாநாடு ஒன்று உண்டு என்பது 2018 வரை எனக்கே தெரியாது. சாலாக் செலாத்தானில் இருக்கும் அக்காவிடம் சொன்னபோது, "ஏன் தம்பி, புத்தகம் அடுக்கி வைக்கிறதுக்குமா மாநாடு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

தோட்டப் பள்ளியில் வகுப்பு எடுப்பதோடு வள மையத்தையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். வள மையம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சின்ன அறை, இரண்டு கண்ணாடி அலமாரி, ஒரு பூட்டு. சாவி என் சட்டைப் பையில். புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அலமாரியைத் திறப்பதே இல்லை. கணக்குப் பார்க்க வந்தவர்கள், ஒன்றுகூடக் குறையவில்லை என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். எனக்கும் பெருமைதான். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் கண்ணாடிக்குள் இருந்த விலங்குகள் பற்றிய புத்தகத்தைக் காட்டி, "ஐயா, அதைக் கொடுங்க ஐயா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்றேன். தோட்டத்தில் ஒரு பகுதியை வீடமைப்புக்கு விற்றபோது அவள் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. புத்தகம் அலமாரியிலேயே இருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 24 முதல் 30 வரை கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் அனைத்துலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு கூடியது. இஃப்லா என்பார்கள். 1927-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தொடங்கியது. இது 84-ஆவது கூட்டம். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அக்கா மகள் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறாள். அவள்தான் ஒருநாள் சீட்டு வாங்கி, "வாங்க மாமா" என்று இழுத்துப் போனாள். சாலாக் செலாத்தானில் ரயில் ஏறி, மஸ்ஜித் ஜாமேக்கில் மாறி, கேஎல்சிசியில் இறங்கினோம்.

மேடைப் பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். புரிந்ததெல்லாம் காப்பி வாங்க நின்ற வரிசையில்தான். எனக்கு முன்னால் கிள்ளான் பக்கத்துப் பள்ளி ஒன்றின் மலாய் ஆசிரியை நின்றிருந்தார். அவருக்கும் என் வேலைதான். வருஷத்துக்கு எத்தனை புத்தகம் தொலையும் என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "அப்படியானால் பிள்ளைகள் எடுப்பதே இல்லையா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, கவலையாகவே கேட்டார். பிறகு, கிழிந்ததையும் தொலைந்ததையும் எழுதி மேலே அனுப்பினால் 'ஹாப்புஸ் கிரா' என்று கணக்கிலிருந்து முறைப்படி நீக்க வழியுண்டு என்பதைப் பொறுமையாக விளக்கினார். இத்தனை வருஷம் இதை நான் யாரையும் கேட்கவில்லை. அவர் பள்ளி என் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரம். அவரைச் சந்திக்க ஓர் உலக மாநாடு வேண்டியிருந்தது!

இன்னொருவர் வெளிநாட்டுக்காரர். நான் தமிழன் என்று தெரிந்ததும் "ரங்கநாதன்!" என்று கையைக் குலுக்கினார். யார் அந்த ரங்கநாதன் என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகப் போயிற்று. திரும்பும் ரயிலில் அக்கா மகள் சொன்னாள்.

சீ. இரா. ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னையில் கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர், வெறுமனே உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் சில நாளிலேயே பழைய வேலையைத் திருப்பிக் கேட்டாராம். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, பிறகு பார்க்கலாம் என்றார்களாம். போனவர் வகுப்போடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் நூலகம் நூலகமாக ஏறி இறங்கி, வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்தார். வந்தபின் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதி வெளியிட்டார். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கு என்பதுதான் முதல் விதி. அதே ஆண்டில் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் நூலகமும் தொடங்கியது. நம் பாட்டன் பாட்டிகளில் பலர் கப்பலேறியது அந்தத் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்துதானே!

ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள் என்றும் சொன்னாள். நான் ஒன்றும் பேசவில்லை. சாவி சட்டைப் பையில்தான் இருந்தது.

அடுத்த வாரம் அலமாரியைத் திறந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் நோட்டுப் போட்டுப் பெயர் எழுதினார்கள். வருஷ முடிவில் பதினொரு புத்தகம் திரும்பவில்லை. ஒன்று மீன் குழம்புக் கறையோடு வந்தது. கிள்ளான் ஆசிரியைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "பதினொன்றுதானா?" என்றார். பாரத்தை எப்படி நிரப்புவது என்றும் அவரே சொல்லிக்கொடுத்தார்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கொண்டுவந்த பள்ளிப் புத்தகம் கிழிந்தோ நனைந்தோ போனால், வாத்தியார் ஏசுவார் என்று ஒளித்து வைக்காதீர்கள். அப்படியே கொடுத்தனுப்புங்கள். நோட்டில் எழுதிக்கொண்டு இன்னொன்று தருகிறோம்.