அடித்தவர் பெயர் எங்கே?

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பற்றிய எங்கள் ஆவணப்படத்தில், 'இலவசம்' என்று இணையத்தில் கிடைத்த பறையிசையைச் சேர்த்திருந்தேன். ஓர் இசை நிறுவனம் உரிமை கோரியது. படத்தின் ஒலி முடக்கப்பட்டது.

பறையின் அடிகள் எவருடைய தனிச்சொத்தும் அல்ல. ஆனால் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு என்கிறது 1957ஆம் ஆண்டுச் சட்டம். வாசித்த கலைஞருக்கும் உரிமை உண்டென்று அது ஏற்றது 1994இல்தான். அந்தப் பதிவில் அடித்தவர் பெயர்கூட இல்லை. சாவு வீட்டில் கூலியில்லாமல் அடிக்கவைத்த சாதியின் பழக்கம்தானே இது?

இப்போது திருவள்ளூர்ப் பறைக்குழு ஒன்றுக்கு ஊதியம் கொடுத்து ஒலிப்பதிவு செய்திருக்கிறோம். அவர்கள் ஒப்புதலோடு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடுகிறோம். தோழர்களே, காசில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தவர்களின் பெயரை மட்டும் கட்டாயம் போடுங்கள்; உரிமத்தின் நிபந்தனையும் அதுவே.