எரிமலையின் வடிவமும் சுனாமி எச்சரிக்கையும்

2018 டிசெம்பர் 22 ஆம் திகதி இரவு, ஜாவா, சுமத்திரா தீவுகளுக்கிடையிலான சுந்தா நீரிணையின் கரையோரங்களைச் சுனாமி தாக்கியபோது எச்சரிக்கை எதுவும் விடுக்கப்பட்டிருக்கவில்லை. நானூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கடல்நீர் புகுந்தமைக்கு வழமையான நீர்ப்பெருக்கே காரணம் என்றுகூட அதிகாரிகள் ஆரம்பத்தில் அறிவித்தனர். சுனாமிக்கு முன்னோடியாகப் பெரும் பூமியதிர்ச்சி எதுவும் பதிவாகாததே அதற்குக் காரணமாகும். உண்மையில் அனாக் கிரகட்டோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து கடலுக்குள் வீழ்ந்திருந்தது.

எரிமலைகளை வடிவத்தைக் கொண்டு வகைப்படுத்தும் பாடம் நமது புவியியல் மாணவர்களுக்குப் புதியதல்ல. ஹவாய்த் தீவின் மவுனா லோவா போன்ற கேடய எரிமலைகள், நீர்த்த குழம்பு நெடுந்தூரம் பரவி உறைவதனால் அகன்று தாழ்ந்த சரிவுடன் அமைந்தவை. 1943 இல் மெக்சிக்கோவின் சோள வயலொன்றில் தோன்றிய பரிக்குற்றின் போன்றவை சிறிய தணற் கூம்புகளாகும். பிசுபிசுப்பான குழம்பும் சாம்பலும் மாறிமாறிப் படிந்து செங்குத்தாக உயர்பவை கூட்டு எரிமலைகள். பரீட்சைக்காக மனனம் செய்து மறந்துவிடும் இந்த வகைப்பாட்டில், எந்த மலை எவ்வாறு ஆபத்தை விளைவிக்கும் என்பதற்கான குறிப்பும் அடங்கியிருக்கின்றது.

1883 ஒகஸ்ட் மாதத்தில் கிரகட்டோவா வெடித்துச் சிதறியபோது மலையின் பெரும்பகுதி இடிந்து கடலடியில் ஆழமான பெருவாய் ஒன்று உருவானது. 1927 இல் அங்கு கடலடியில் குமுறத் தொடங்கிய எரிமலையே 'கிரகட்டோவாவின் குழந்தை' எனப் பொருள்படும் அனாக் கிரகட்டோவா. அது அப்பெருவாயின் விளிம்பிலேயே வளர்ந்தது. அதன் தென்மேற்குப் பக்கம் ஆழ்கடலை நோக்கிச் சரிந்திருந்தது. உறுதியற்ற அடித்தளத்தின்மீது சாம்பலும் குழம்பும் குவிந்து, 338 மீற்றர் வரை உயர்ந்திருந்த மலை, சரிவுக்குப் பின்னர் சுமார் 110 மீற்றராகக் குறுகியது. அப்பக்கம் சரிந்தால் சுனாமி எழக்கூடும் என 2012 இல் வெளியான ஆய்வொன்று கணித்திருந்தது. கணிப்பு இருந்தது, அதைச் செயற்படுத்தும் ஏற்பாடு இருக்கவில்லை.

வடிவம் மட்டுமே அனைத்தையும் கூறிவிடும் என்பதற்கில்லை. கொங்கோவின் நியிராகொங்கோ செங்குத்தான கூட்டு எரிமலையே. எனினும் அதன் குழம்பு மிகவும் நீர்த்தது. 2002 இல் அது கோமா நகரின் நடுவே பாய்ந்தது. 2021 இலும் நகரின் எல்லையை எட்டியது. எனவே வடிவத்துடன் குழம்பின் தன்மையையும் மலை நிற்கும் இடத்தையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

இலங்கையில் எரிமலை இல்லை. 2018 இல் ஏற்பட்டது போன்ற சரிவினால் எழும் அலை எமது கரையை அடையுமுன் பெரிதும் வலுவிழந்துவிடும் என்பதும் உண்மையே. ஆயினும் 1883 இன் கடற்கொந்தளிப்பு கிழக்குக் கரையின் பாணமை வரை வந்து பெண்ணொருவரைப் பலிகொண்டதாகப் பதிவுண்டு. 2004 பேரழிவின் பின்னர் இந்து சமுத்திரத்தில் உருவாக்கப்பட்ட எச்சரிக்கை முறைமை பிரதானமாகப் பூமியதிர்ச்சியையே தொடக்கப் புள்ளியாகக் கொண்டது. எரிமலையால் எழும் அலைக்கு அந்தத் தொடக்கப் புள்ளி கிடைக்காமல் போகலாம். 2022 ஜனவரியில் தொங்கா அருகே கடலடி எரிமலை வெடித்துப் பசுபிக் கரைகளுக்கு அலைகள் பரவியபோதும் இதே சிக்கல் எழுந்தது. ஆகவே கடல்மட்டமானிகள் தரும் அளவீடுகளை உடனுக்குடன் பெற்று, பூமியதிர்ச்சித் தகவலுக்காகக் காத்திராமல் கரையோர மக்களுக்கு அறிவிக்கும் நடைமுறை இங்கும் அவசியமாகும். அனாக் கிரகட்டோவா 2018 இன் பின்னரும் ஓய்ந்துவிடவில்லை; சரிந்த இடத்தில் புதிய கூம்பொன்றை அது எழுப்பியுள்ளது.