கூலண்ட் குறையுதா? முதல்ல வளையைத் தேடுங்க



நடவு வயல்ல ராத்திரி கட்டின தண்ணி காலையில பாதி இல்லன்னா, விவசாயி உடனே மோட்டாரைப் போட மாட்டான். மண்வெட்டியைத் தோள்ல போட்டுக்கிட்டு வரப்பைச் சுத்தி வருவான். எங்கயாவது நண்டு வளை இருக்கும், இல்லன்னா எலி வளை. சந்தேகமான இடத்துல காலை வெச்சு அழுத்தினா மண்ணு உள்ள வாங்கும். அங்க சேத்தை அள்ளி அடைச்சு மிதிச்ச பிறகுதான் மோட்டார். (கரண்ட் இலவசம்தானேன்னு ராப்பகலா மோட்டாரை ஓட விடுற ஆளுங்களும் எங்க ஊர்ல உண்டு. அவங்களைப் பத்தி இன்னொரு நாள் எழுதறேன்.)

இதே வேலையை காருக்கு மட்டும் ஏன் யாரும் செய்ய மாட்டேங்கறாங்கன்னுதான் எனக்குப் புரியல. பொங்கலுக்கும் ஆடி மாசத்துக்கும் சென்னையில இருந்து நம்ம ஜனங்க கார்ல வந்து இறங்குவாங்க. திண்டிவனம், விக்கிரவாண்டி தாண்டி திருவாமாத்தூர் வந்து சேர்ந்ததும் பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு, "அண்ணே, ஒரு குடம் தண்ணி கிடைக்குமா?"ன்னு ஒருத்தராவது கேப்பாங்க. என்னப்பா ஆச்சுன்னா, "ஒண்ணுமில்லண்ணே, இந்த வண்டி கொஞ்சம் கூலண்ட் குடிக்கும்" அப்படின்னு பதில் வரும்.

எந்த வண்டியும் கூலண்ட் குடிக்காதுங்க. பெட்ரோல் குடிக்கும். வயசான எஞ்சின்னா ஆயிலும் கொஞ்சம் குடிக்கும். கூலண்ட் அப்படி இல்ல. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மூடின பாதையில சுத்திக்கிட்டே இருக்கிற சரக்கு அது. சூடானா விரிஞ்சு, உபரி ஓரத்து டேங்குக்குப் போகும். ஆறினா திரும்ப உள்ள இழுத்துக்கும். அதனால ஓட்டிட்டு வந்ததும் ஒரு லெவல், காலையில ஒரு லெவல் காட்டறது சகஜம். ஆனா ஆறின வண்டி, சம தரை, ஒரே நேரம்னு பார்த்தும் வாரா வாரம் கோட்டுக்குக் கீழ போகுதுன்னா, அது எங்கயோ வெளியே போகுது. வெளியே போகலன்னா எஞ்சினுக்குள்ள போகுது. மூணாவது வழி கிடையாது.

போன வருஷம் மச்சான் மகன் வண்டி அப்படித்தான் இருந்துச்சு. மாசத்துக்கு ஒரு லிட்டர் ஊத்தறான். அவன் விடுற சர்வீஸ் சென்டர்ல மூணு தடவையும் டாப்-அப் பண்ணி அனுப்பியிருக்காங்க, பில்லுல ஒரு வரி. "கீழ ஒரு சொட்டு கூட இல்ல மாமா, லீக் இல்ல"ன்னு சாதிச்சான். இப்போ வர்ற நிறைய கார்ல எஞ்சினுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் தட்டு மாட்டியிருக்காங்க. சொட்டுறது அதுல விழுந்து, எஞ்சின் சூட்டுல காஞ்சு போயிடும். தரை சுத்தமா இருக்குங்கறதை நம்பி லீக் இல்லன்னு சொல்லவே முடியாது.

விழுப்புரத்துல எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ராத்திரி முழுக்க வண்டியை ஆற விட்டு, காலையில ரேடியேட்டர் மூடிக்குப் பதிலா ஒரு கைப்பம்பை மாட்டினார். சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பு மாதிரி, மேல ஒரு முள்ளு மீட்டர். மூடியில 0.9, 1.1னு ஏதாவது எழுதியிருக்கும், அந்த அழுத்தம் வரைக்கும் அடிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டோம். வந்து பார்த்தா முள்ளு இறங்கியிருக்கு. அடித்தட்டைக் கழட்டி டார்ச் அடிச்சார். வாட்டர் பம்புக்குக் கீழ இளஞ்சிவப்பா உப்பு பூத்த மாதிரி ஒரு கோடு. பம்பு உள்ள சீல் தேஞ்சா வெளியே காட்டிக் கொடுக்கறதுக்குன்னே அதுல ஒரு சின்ன ஓட்டை வெச்சிருப்பாங்க. அது வழியாத்தான் ஒழுகியிருக்கு. பம்பை மாத்தினதோட சரி. டேங்குல மார்க்கர் பேனாவால ஒரு கோடு போட்டு அனுப்பினோம், அதுக்கப்புறம் லெவல் அந்தக் கோட்டை விட்டு இறங்கல.

இதுல என்னை உறுத்தினது வேற. அந்த மெக்கானிக் தேடுன நேரத்துக்குன்னு தனியா கூலி கேட்டதும் பையனுக்கு முகம் மாறிடுச்சு. "பம்புக்குக் காசு சரி, பார்த்ததுக்கு எதுக்கு?"ன்னான். நாம எல்லாருமே இப்படித்தான் இருக்கோம். சாமானுக்குக் காசு கொடுப்போம், கண்டுபிடிச்சதுக்குக் கொடுக்க மனசு வராது. அப்புறம் ஒர்க்‌ஷாப்காரன் என்ன பண்ணுவான்? தேடாம ரேடியேட்டரை மாத்துவான், அதுலயும் நிக்கலன்னா ஹோஸை மாத்துவான், இல்லன்னா டாப்-அப் பண்ணி அனுப்புவான். தேடறதுக்குக் கொடுக்கிற கூலிதான் இந்த வேலையிலேயே மலிவான செலவுன்னு நான் சொல்வேன்.

எல்லா லீக்கும் பம்புல இருக்காது. ஹோஸ் முனை கிளாம்ப் சிலது வண்டி ஆறி இருக்கும்போது மட்டும் ஒழுகும், சூடானா இறுகிக்கும். மூடியில இருக்கிற ரப்பர் செத்துப் போனாலும் கூலண்ட் ஆவியா வெளியேறும். மலிவான சாமான், ஆனா அதை யாரும் சந்தேகப்படறதில்ல. (சூடா இருக்கும்போது மட்டும் அந்த மூடியில கை வைக்காதீங்க. கொதிக்கிறது மூஞ்சியில அடிக்கும்.) காருக்குள்ள இனிப்பா ஒரு வாசம் வந்து, முன் சீட்டுக் கால் பக்கம் கார்ப்பெட் ஈரமா இருந்தா ஹீட்டர் பக்கம் பாருங்க.

பயப்பட வேண்டியது எஞ்சினுக்குள்ள போறதுக்குத்தான். ஹெட் கேஸ்கெட் போயிருந்தா வெள்ளைப் புகை நிக்காம வரும், ஆயில் மூடியைத் திறந்தா பால் காபி நிறத்துல குழம்பியிருக்கும், எஞ்சின் ஓடும்போது டேங்குல விடாம குமிழி வரும். இத்தனையும் ஒண்ணா வரணும்னு இல்ல, ஒண்ணு தெரிஞ்சாலே வண்டியை ஓட்டாதீங்க. இன்னொண்ணு, கூலண்ட் ரொம்பக் குறைஞ்சு போச்சுன்னா டெம்பரேச்சர் முள்ளு சாதாரணமாவே காட்டலாம். சென்சார் தண்ணியில முங்காம காத்துல நிக்கும், அதுக்கு எப்படி சூடு தெரியும்? குழந்தைங்களோட ராத்திரி பைபாஸ்ல நிக்கும்போதுதான் அது புரியும்.

"நம்ம ஊர்ல தண்ணி உறையவா போகுது, கூலண்ட் எதுக்கு, தண்ணியே போதும்"னு டிராக்டர்காரங்க சொல்வாங்க. உறையறதுக்கு மட்டும் இல்லங்க. கொதிநிலையை ஏத்தறதும், துருப்பிடிக்காம பாத்துக்கறதும் அதுதான். எங்க போர் தண்ணியில வெந்நீர் வெச்ச பாத்திரத்தை ஒரு மாசம் கழிச்சுப் பாருங்க, அடியில வெள்ளையா சுண்ணாம்பு கட்டியிருக்கும். அதேதான் எஞ்சினுக்குள்ளயும் படியும். அவசரத்துக்கு ஊத்துங்க, வீட்டுக்குப் போனதும் கழுவிட்டு டிஸ்டில்டு வாட்டர் கலந்த சரியான கூலண்டை நிரப்புங்க. நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க, வண்டி புத்தகத்துல இருக்கிற வகையைப் பாருங்க.

ஓட்டைக்கு மஞ்சத்தூள் போடறதும் பழைய பழக்கம். அம்பாசிடர் காலத்துல பித்தளை ரேடியேட்டர், ஈயம் வெச்சுப் பத்த வெச்சுடலாம், மஞ்சத்தூள் அதுவரைக்கும் ஊர் போய்ச் சேர உதவுச்சு. இப்போ மெல்லிசான அலுமினியக் குழாய், ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக். அந்தத் தூள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, நல்லா இருக்கிற குழாயையும் சேர்த்து அடைக்கும்.

கடைசியா எங்க ஊர் சார்பா ஒரு வேண்டுகோள். பசுக்கள் சிவனைக் கும்பிட்டுக் கொம்பு வாங்கின தலம்னு திருவாமாத்தூருக்கு ஐதீகம். ஊர் பேர்லயே 'ஆ' இருக்கு. கூலண்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய் நக்கும், கன்னுக்குட்டி நக்கும், சிறுநீரகம் போய்ச் செத்துரும். குழந்தைங்களுக்கும் அதே ஆபத்துதான். பொங்கலுக்கு வர்றவங்க தெருவோரத்துலயோ வாய்க்கால்லயோ ரேடியேட்டரைக் காலி பண்ணாதீங்க. கேன்ல பிடிச்சு, மூடி போட்டு, திரும்பப் போறப்ப ஒர்க்‌ஷாப்ல கொடுத்துடுங்க. கேன் இல்லன்னா எங்க வீட்டுல கேளுங்க, தரேன்.