நடிகை வந்தால் சாயம் போகாதா?

அக்கா மகன் கோபிசெட்டிபாளையத்தில் ரெடிமேட் கடை திறக்கிறான். பெரியவர்களை உட்கார வைத்துப் பேசுவதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை எங்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். போனால், சரக்கைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. ஈரோட்டிலிருந்து வந்த விளம்பர ஆலோசகர் ஒருவர் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு பட்டியல் வாசித்தார். திறப்பு விழாவுக்கு டிவி சீரியல் நடிகை, நாலு ரோட்டிலும் ஃப்ளெக்ஸ், எஃப்.எம். ரேடியோ, உள்ளூர் கேபிள், இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுகிற இரண்டு பேர். போட்ட முதலில் கால்வாசி அதற்கே போய்விடும் போலிருக்கிறது. எதற்கப்பா இவ்வளவு என்று கேட்டேன். "மாமா, இன்னைக்கு விளம்பரம் இல்லாம ஒரு கைக்குட்டைகூட விக்காதுங்க" என்றான். கூடியிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். தறி ஓட்டிப் பிழைத்த குடும்பம் அது. எனக்கு ஆத்திரம் வந்ததே அந்தத் தலையாட்டலைப் பார்த்துத்தான்.

ஜவுளிக் கடைக்கு விளம்பரம்தான் உயிர் என்கிற இந்த நம்பிக்கை ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. கடை நொடித்துப் போனால் "விளம்பரம் பத்தல" என்கிறார்கள். நன்றாக ஓடினால் "அந்த நடிகையால்" என்கிறார்கள். துணி எப்படி இருந்தது, விலை என்ன, வாங்கியவர் மறுபடி வந்தாரா என்பதை யாரும் கேட்பதில்லை.

இவர்களையெல்லாம் ஒரு திங்கட்கிழமை இரவு ஈரோடு கனி மார்க்கெட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கிற சந்தை. கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்து இறங்குகிறார்கள். லுங்கி, துண்டு, நைட்டி, உள்பாவாடை, பெட்ஷீட், குழந்தைகள் துணி என்று குவிந்து கிடக்கும். அங்கே ஒரு வியாபாரி துணி வாங்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துக் கசக்குவார். கஞ்சி போட்டு விறைப்பாக்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து நெசவு நெருக்கமா, சல்லடையா என்று பார்ப்பார். எச்சில் தொட்டு ஓரத்தில் தேய்த்து விரலில் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார். சந்தேகம் இருந்தால் ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவார். பருத்தி என்றால் காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு உருண்டையாக நிற்கும். அதற்கப்புறம்தான் விலை பேச்சு. இந்த வியாபாரத்தில் நடிகைக்கு எங்கே இடம் இருக்கிறது?

கனி மார்க்கெட் மந்தமாகும் நாட்கள் உண்டு. மழை அடித்தால் மந்தம். நூல் விலை ஏறினால் மந்தம். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்றபோது படுத்தே போனது. தேர்தல் வந்துவிட்டால், 50,000 ரூபாய்க்கு மேல் கணக்கில்லாமல் கையில் எடுத்து வந்தால் பறக்கும் படை பிடிக்கும் என்று வெளிமாநில வியாபாரிகள் வருவதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கதைதான். ஃப்ளெக்ஸ் வைக்காததால் வியாபாரம் படுத்தது என்று அந்தச் சந்தையில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அது மொத்த வியாபாரம், சில்லறைக்குப் பொருந்தாது என்பார்கள். அந்த மொத்த வியாபாரி வாங்கிக்கொண்டு போய்ப் பாலக்காட்டிலும் மைசூரிலும் சில்லறையில்தானே விற்கிறார்? கடை வாசலில் தொங்கவிட்ட நைட்டியைப் பார்த்துத்தானே பெண்கள் உள்ளே வருகிறார்கள்? உள்ளூர் உதாரணம் போதாது, வெளிநாட்டுப் பெயர் சொன்னால்தான் ஆலோசகர்கள் நம்புவார்கள் என்றால் ஜாராவைச் சொல்கிறேன். அமான்சியோ ஒர்த்தேகா 1975-ல் ஸ்பெயினில் லா கொருன்யா என்கிற ஊரில் திறந்த கடை. உலகம் முழுக்கக் கிளை பரப்பிய பல பத்தாண்டுகளில் விளம்பரத்துக்கு அந்தக் கம்பெனி அள்ளி இறைக்கவில்லை. நல்ல தெருவில் இடம் பிடித்தார்கள், வாரத்துக்கு இரண்டு முறை புதுச் சரக்கு இறக்கினார்கள், எது போகிறது எது தேங்குகிறது என்று கடைக்காரர்களிடம் கேட்டு அதற்கேற்பத் தைத்தார்கள். நம் நாட்டில் டாடாவின் டிரென்ட் நடத்தும் ஸூடியோவைப் பாருங்கள். நட்சத்திரத்தை வைத்து டிவி விளம்பரம் கிடையாது, இணையத்தில் விற்பனை கிடையாது. 500 கடைகளைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய தரம் பற்றியும், இப்படி அள்ளிக்கொண்டு வந்து அள்ளி எறிகிற உடுப்புக் கலாச்சாரம் பற்றியும் எனக்குக் கசப்பு நிறைய உண்டு. ஆனாலும் கூட்டம் வருவதற்குக் காரணம் விலைப்பட்டையில் எழுதியிருக்கிற எண்தான். கனி மார்க்கெட்டிலும் அதே காரணம்தான்.

கடையின் இடமும் விலையும்கூட மார்க்கெட்டிங்தான் என்று ஆலோசகர் அன்றைக்கு எனக்குப் பாடம் எடுத்தார். சரி, அப்படியானால் நல்ல இடமும் நியாயமான விலையும் பார்த்துத் தரட்டும். நடிகைக்கு ஏன் செக் எழுதச் சொல்கிறார்?

இந்தச் செலவெல்லாம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நாம் யோசிப்பதே இல்லை. முதலாளி தன் சொத்தை விற்று விளம்பரம் கொடுப்பதில்லை. சேலை விலையில் ஏற்றுகிறார், இல்லையென்றால் நெய்தவன் கூலியில் குறைக்கிறார், இல்லையென்றால் நூலில் கை வைக்கிறார். மூன்றும் நடக்கிறது. ஆடித் தள்ளுபடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் கல்யாணம் காட்சி இல்லாமல் வியாபாரம் படுக்கும். தேங்கிய சரக்கைத் தள்ளிவிட வந்ததுதான் ஆடித் தள்ளுபடி. இன்றைக்கு ஆடிக்கென்றே மட்டமாகத் தைத்து இறக்கும் சரக்கு உண்டு என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். பழைய விலைக்கு மேல் புது ஸ்டிக்கர் ஒட்டி, அதில் 50 சதவீதம் கழித்துக் கொடுப்பதும் தெரியும். விளம்பரத்தில் ஐம்பது என்கிற எண் ஆள் உயரத்துக்கு இருக்கும். அதற்கு முன்னால் 'வரை' என்பதைக் குறிக்கும் சொல் எறும்பு அளவில் இருக்கும். பக்கம் பக்கமாக இந்த விளம்பரங்களை வெளியிடும் பத்திரிகைகள், உள்ளே நுகர்வோர் விழிப்புணர்வு என்று கட்டுரையும் போடுகின்றன.

பட்டில் நடப்பது இதைவிட மோசம். விளம்பரத்தில் நடிகை கட்டியிருப்பது சுத்தப் பட்டு, சுத்த ஜரிகை. அதே சாயலில் மணப்பெண்ணுக்கு விற்கப்படுவது என்னவென்று வாங்குகிற குடும்பத்துக்குத் தெரியாது. சுத்தப் பட்டு என்று உறுதி சொல்லும் சில்க் மார்க் முத்திரை 2004-லிருந்தே இருக்கிறது. மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாடு அது. முத்திரை எங்கே என்று கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? கேட்கத் தெரியாமல் போனதற்குக் காரணம், பாட்டும் நடனமும் அந்தக் கேள்வியை அமுக்கிவிட்டதுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. அதில் நடிக்கிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு, ஓராண்டு வரை விளம்பரத்தில் நடிக்கத் தடை போடலாம். சாயம் போன சேலைக்காக எந்த நட்சத்திரத்தையாவது யாராவது கேள்வி கேட்டிருக்கிறோமா? "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டு வாய் மூடித் திரும்பி வருகிறோம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது அதே சட்டத்தின்படி நியாயமற்ற வணிகம்.

ஒரு காலத்தில் ஜவுளிக் கடைக்காரர்கள் கடைப் பெயர் போட்ட மஞ்சப்பை கொடுத்தார்கள். அதுவும் விளம்பரம்தான். ஆனால் தங்கள் காசில் கொடுத்தார்கள், நமக்கு அது வருஷக்கணக்கில் உழைத்தது. இன்றைக்குக் கடைப் பெயர் போட்ட பைக்கு நம்மிடமே காசு கேட்கிறார்கள். 2019-ல் சண்டிகரில் பாட்டா கடையில் பைக்கு 3 ரூபாய் வாங்கியதற்கு ஒருவர் வழக்குப் போட்டார். பையில் கடையின் விளம்பரத்தையும் போட்டு, அதற்கு வாடிக்கையாளரிடம் காசும் வாங்குவது தவறு என்று நுகர்வோர் மன்றம் சொல்லி, நஷ்ட ஈடும் கொடுக்க வைத்தது. மூன்று ரூபாய்க்கு மெனக்கெட்ட அந்த மனிதருக்கு இருந்த சுரணை நமக்கு ஏன் இல்லை?

எல்லாவற்றையும்விட என்னை எரிய வைப்பது, இப்படி விளம்பரம் செய்கிற பெரிய கடைகளுக்குள்ளே நிற்கிற பெண்களின் நிலை. ஒரு வாடிக்கையாளர் நாற்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு "பிடிக்கல" என்று எழுந்து போவார். அத்தனையையும் மடிப்பு மாறாமல் மடித்து அடுக்கிவிட்டு, அடுத்தவருக்குச் சிரித்த முகத்தோடு "வாங்கக்கா, என்ன பட்ஜெட்ல பாக்கறீங்க?" என்று கேட்க வேண்டும். கணுக்கால் வீங்கியிருக்கும், தூணில் சாய்ந்தால்கூட மேற்பார்வையாளர் முறைப்பார். துணியை உண்மையில் விற்பவர்கள் அந்தப் பெண்கள்தான். 2010-ல் ஜவுளிக் கடை ஊழியர்களைப் பற்றிய வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் வந்தபோது தமிழ்நாடே உச்சுக் கொட்டியது, பிறகு அதே கடைகளில் தீபாவளித் துணி எடுத்தது. 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்றது. கேரளம் அதற்கு மூன்று வருஷம் முன்பே செய்துவிட்டது. சட்டம் வந்த பிறகு நான் போகிற கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. பில் போடுகிற இடத்தில் ஒன்று, சேலைப் பிரிவில் ஒன்றுமில்லை. ஒரு நாள் டிவி விளம்பரத்துக்கு ஆகும் பணத்தில் அந்த மாடி முழுக்க ஸ்டூல் போட்டுவிடலாம். தொழிலாளர் துறை அதிகாரிகள் காலை பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, இரவு எட்டு மணிக்குப் போகட்டும்.