வீடு மாறினால் தபால்காரருக்குச் சொல்லமாட்டீர்களா?

தபால் துறையில் 36 வருடம் வேலை பார்த்தவன் நான். வீடு மாறிப் போனவர்களின் கடிதத்தில் பழைய விலாசத்தை அடித்துவிட்டுப் புதிய விலாசத்தை எழுதி அனுப்பியது எத்தனை ஆயிரம் இருக்குமோ! எங்கள் பிள்ளைச்சாவடியில் கடலரிப்பில் வீட்டையே இழந்தவர்களுக்கும் கடிதம் போய்ச் சேர்ந்தது. அதனால்தான் இந்தக் கோபம்.

போன மாதம் கணவரை இழந்த ஓர் அம்மா, குடும்ப ஓய்வூதியப் படிவம் வேண்டுமென்று வந்தார். ஓர் அலுவலகத்தில் கொடுத்த அச்சிட்ட குறிப்பில் இணைய முகவரி இருந்தது. எழுத்து எழுத்தாகத் தட்டினேன். '404, பக்கம் இல்லை' என்றது. போன் போட்டால், "புது வெப்சைட் போட்டாச்சு சார், பழைய லிங்க் எதுவும் வராது. முகப்புல போய்த் தேடிப் பாருங்க" என்கிறார் ஒரு தம்பி. ஒரு மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. மறுநாள் அந்த அம்மா பஸ் ஏறி டவுனுக்குப் போய் வரிசையில் நின்றார். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. பல இடத்திலும் இதே கதைதான்.

இத்தனைக்கும் இதற்கு வழி இருக்கிறது. பழைய முகவரியைக் கேட்டு வருகிறவருக்கு, '301, நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று சொல்லிப் புதிய முகவரியைக் கொடுக்கும்படி சர்வரில் எழுதி வைக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி. மீதியை பிரவுசரே பார்த்துக்கொள்ளும். நமக்கு இடம் மாறியதே தெரியாது. கூகுள் போன்ற தேடுபொறிகளும் புது முகவரியைப் பிடித்துக்கொள்ளும். 302 என்று போட்டால் தற்காலிகம் என்று பொருள், அது வேறு.

சிலர் எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பி விடுகிறார்கள். கடிதத்தை வீட்டில் கொடுக்காமல் ஊர் எல்லையில் போட்டுவிட்டு வருவதற்குப் பெயர் பட்டுவாடாவா?

பெயரும் ஊரும் மாறத்தான் செய்யும். 2006 அக்டோபரில் பாண்டிச்சேரி புதுச்சேரி ஆயிற்று. எங்கள் ஊர் இன்ஜினியரிங் காலேஜ் 2020-இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆயிற்று. இன்றும் 'இன்ஜினியரிங் காலேஜ்' என்றால் ஆட்டோக்காரர் தவறாமல் கொண்டுபோய் விடுகிறார். அவருக்கு இருக்கும் அக்கறை வெப்சைட் போடுகிறவர்களுக்கு வேண்டாமா?

பெரிய கம்பெனியும் விதிவிலக்கல்ல. கூகுள் 2012 முதல் நம் நாட்டு வாசகர்களை பிளாக்ஸ்பாட் டாட் காமிலிருந்து டாட் இன்னுக்குத் திருப்பியது. நாமும் அந்த முகவரியையே நண்பர்களுக்கு அனுப்பினோம். 2020-இல் அந்த டாட் இன் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டார்கள், அது வேறொருவர் கைக்குப் போனது. அந்த முகவரியில் பகிர்ந்த சுட்டிகளெல்லாம் செத்தன. பழைய பெயரையும் பணம் கட்டி வைத்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

புது வெப்சைட்டுக்கு டெண்டர் விடுகிறவர்களைக் கேட்கிறேன்: பழைய பக்கங்களின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் 301-ம் போட்டுக் காட்டினால்தான் கடைசித் தவணைப் பணம் என்று எழுதினால் என்ன? பட்டியலைத் தயாரிக்க ஆளில்லை என்றால் ஓய்வுபெற்ற தபால்காரர்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

அந்த அம்மாவுக்குப் படிவம் கிடைத்துவிட்டது. பூர்த்தி செய்து கொடுக்கையில் பார்த்தேன். அதன் அடியில், 'மேலும் விவரங்களுக்கு' என்று அதே பழைய முகவரி.