உப்பும் உந்துவிசையும்

இளையாத்தங்குடியிலிருந்து அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் சில வாரங்களாக நம் மேசைமேல் கிடக்கிறது. பொறியியல் முடித்த அவருடைய மகளுக்கு, விண்கலங்களுக்கான உந்துபொறி செய்யும் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. அந்த ஆராய்ச்சிக்குப் பணம் தருவது பாதுகாப்புத் துறை என்பது பின்னர்தான் தெரிந்ததாம். "போகச் சொல்வதா, தடுப்பதா?" என்று கேட்கிறார்.

அன்பரே, உங்கள் கலக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் இது எங்கோ தொலைவில் நடக்கும் காரியமென்று எண்ண வேண்டாம். நீங்கள் பேருந்தில் போய்வரும் காரைக்குடியிலேயே இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தை, ஊரார் வழக்கில் 'சிக்ரி'யை, அறியாதவர் நம் பக்கத்தில் யார்? அதன் அறிஞர்கள் 1961-இல் பெர்குளோரேட் என்னும் உப்பைத் தயாரிப்பதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். சாதாரண உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் அது முதலில் குளோரேட்டாகவும், மேலும் பாய்ச்சினால் பெர்குளோரேட்டாகவும் மாறும். இதற்கு விலையுயர்ந்த பிளாட்டின மின்முனை தேவைப்பட்டது. அதற்குப் பதிலாகக் காரீய டையாக்சைடு முனையைக் கொண்டே வேலையை முடிக்கலாம் என்று அவர்கள் காட்டினர்.

தீக்குச்சியின் தலையில் இருப்பது இவ்வுப்பின் தம்பியாகிய குளோரேட்டு. ராக்கெட்டின் திண்ம எரிபொருளிலோ, எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அம்மோனியம் பெர்குளோரேட்டே. காற்றில்லாத உயரத்திலும் நெருப்புக்கு மூச்சு அளிப்பது அதுதான். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் நிலையில் சுமார் 138 டன் திண்ம எரிபொருள் எரிந்து, நிலத்தையும் நீரையும் அளக்கும் செயற்கைக்கோள்களை மேலேற்றுகிறது. 1980-இல் ரோகிணியை விண்ணுக்கு அனுப்பிய எஸ்.எல்.வி.-3-இன் முதல் நிலையே, 1989-இல் அக்னி ஏவுகணையின் முதல் நிலையாயிற்று. 2019 மார்ச் 27-இல் நம் செயற்கைக்கோள் ஒன்றை நாமே வீழ்த்திய ஏவுகணைக்கும் திண்ம எரிபொருளே துணை நின்றது. கொல்லன் உலையில் கொழுவும் காயும், வாளும் காயும். உலையைக் குறைகூறிப் பயனில்லை.

மாறாகவும் நடந்ததுண்டு. 1963 நவம்பர் 21-இல் தும்பாவிலிருந்து எழும்பிய முதல் ராக்கெட்டின் அடிப்பகுதி, அமெரிக்கப் படையின் நைக் ஏவுகணைக்காகச் செய்யப்பட்ட பொறி. மேல்வானக் காற்றை அறியச் சோடிய ஆவியைச் சுமந்து சென்றது அது. அந்த ராக்கெட்டைப் பூட்டியது புனித மதலேன் மரியாள் ஆலயத்தில்! ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரெய்ரா மக்களிடம் கேட்க, மீனவக் குடும்பங்கள் தங்கள் கோவிலையே விட்டுக்கொடுத்தன. 1968-இல் அத்தளம் ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஆகவே உப்புக்கும் பொறிக்கும் சார்பில்லை. பணப்பைக்கு உண்டு. நம் கவலையெல்லாம் அங்கேதான். 2025-26 வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6,81,210 கோடி ரூபாய். விண்வெளித் துறைக்கு 13,416 கோடி. புதிய பொறியொன்றைக் கனவு காணும் இளைஞர் எந்தக் கதவைத் தட்டுவார்? பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் தொழில்நுட்ப வளர்ச்சி நிதியம் ஒரு திட்டத்துக்கு 50 கோடி வரை தருகிறது. அந்நிதியைப் பெற்ற பெங்களூரு பெல்லாட்ரிக்ஸ் நிறுவனத்தின் சிறு உந்துபொறி, 2024 ஜனவரி முதல் நாள் சென்ற பி.எஸ்.எல்.வி.யில் ஏறிச் சோதனையில் வென்றது. அதன் விசை ஒரு நியூட்டன். நூறு கிராம் பொருளைக் கையில் ஏந்தும் அளவுதான். நச்சுத்தன்மை மிகுந்த ஹைட்ரசீனுக்கு மாற்றான எரிபொருளில் இயங்கிச் சிறு செயற்கைக்கோளைத் தடம் மாறாமல் காப்பது அதன் பணி. இதில் யாரும் குறை காண முடியாது. எனினும் எதை ஆராய்வது என்று கேட்கும் உரிமை பணம் தருபவரிடம் போய்விடுகிறது. புயலை முன்னறிய வேண்டியவர் தட்டும் கதவு சிறியதாகவே இருக்கிறது.

1964 டிசம்பரில் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், படைக்கலச் செலவில் ஒரு பகுதியை ஏழை நாடுகளுக்கான உலக நிதியாக்குமாறு நம் மண்ணிலிருந்தே வேண்டினார். அந்த வேண்டுகோள் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது.

மகளைத் தடுக்க வேண்டாம் என்பதே நம் எண்ணம். அறிவுள்ள பெண் விலகி நின்றால் அந்த நாற்காலி காலியாக இராது. கேள்வி கேளாத வேறொருவர் அமர்வார். சேரும்போதே, தான் செய்யும் பொறி எதற்கென்று அவள் கேட்கட்டும். வீட்டுக்கு வரும்போது நீங்களும் கேளுங்கள். "அது இரகசியம், அப்பா" என்று அவள் சொல்லும் நாள் வரக்கூடும். அன்றைக்கு என்ன செய்வது என்பதை இப்போதே இருவரும் அமர்ந்து பேசிக்கொள்ளுங்கள். பேசுவதற்கு இடம் வேண்டுமானால் தும்பாவுக்கே போய்வரலாம். அந்தக் கோவில் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.